மணலுக்கு அடியில் எண்பது டெராபைட்

கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன்.
ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டுக்கு எழுபது,
பேரணாம்பட்டுக் கிடங்குக்கு அறுபது,
ஆம்பூரில் ஷூ டிசைன் வரைகிறவர்களுக்கு
கேட்டதற்கு மேல் பத்து.
எல்லாம் கூட்டினால் இருநூற்றுப் பத்து டெராபைட்.
கீழ்த்தளத்து இரும்பு அலமாரிகளில்
நிஜமாக இருப்பது எண்பது.

இது மோசடி இல்லை.
எல்லோரும் ஒரே நாளில் முழுசாக எடுக்க மாட்டார்கள்
என்ற நம்பிக்கைக்கு
மெல்லிய ஒதுக்கீடு என்று பெயர்.
விருதம்பட்டில் போர் போட்டவர்கள்
பாலாற்றை அப்படித்தான் பங்கு பிரித்துக்கொண்டார்கள்.

அரசன் இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு
என்று எங்கள் ஊரைச் சொல்லிச் சிரிப்பார்கள்.
உடம்பு இல்லாத மெஷினை
ஒருத்தி தினமும் இங்கே பெற்றுப் போடுவதை
அந்த வரிசையில் இன்னும் யாரும் சேர்க்கவில்லை.

சின்னது, நடுத்தரம், பெரியது.
எத்தனை நாள், எதற்காக.
'எதற்காக' என்ற கட்டத்தில்
அக்கவுண்ட்ஸ் தஸ்தகீர் ஒரு புள்ளி மட்டும் வைப்பார்.
படிவத்துக்கு அது போதும், நகர்ந்துவிடும்.
நான் ஒப்புதல் தந்த நாலாவது நிமிடம்
பெயரோடு, முகவரியோடு, தனக்கென்று ஒரு வட்டோடு
சர்வர் எழுந்து தயார் என்று சொல்லும்.

வருவதற்கு நாலு நிமிடம்.
அனுப்பி வைக்கத்தான் யாருக்கும் மனசு வராது.
முப்பது நாள் தவணை முடிகிறபோது
இன்னொரு முப்பது, அப்புறம் இன்னொரு முப்பது.
கேட்டால்,
"இருக்கட்டும் மேடம், உள்ளே என்னமோ ஓடுது."

கத்திரி வெயிலின் பதினோராம் ராத்திரி
இரண்டு நாற்பதுக்கு போன் அலறியது.
ஸ்டோரேஜ் தொண்ணூற்றேழு சதவீதம்.
சத்துவாச்சாரியில் கரண்ட் இல்லை.
கிரீன் சர்க்கிளைச் சுற்றி, பாலமேறி,
கீழே மணலும் முள்ளும் நிலாவில் காய
ஸ்கூட்டியில் போனேன்.

"இன்னா மேடம் இந்நேரத்துல?" என்றார்
கேட்டைத் திறந்த எத்திராசு.
"நெறஞ்சிடுச்சு."
"ஆறா?"

உரிமையாளர் பெயர் செத்துப்போன மெஷின்கள் முப்பத்தொன்று.
வேலையை விட்டவர்கள், கல்யாணமாகிப் போனவர்கள்,
கண்ணமங்கலத்துக்கு மாற்றலானவர்கள்.
தட்டிப் பார்த்தேன், எல்லாம் எலும்புக்கூடு.
அத்தனையும் சேர்ந்தால்கூட ஒரு டெராபைட் தேறாது.

தின்றுகொண்டிருந்தது முப்பத்திரண்டாவது.
பழகு-01.
ஒரு சோதனை நிரல், மணிக்கு ஒரு கோப்பை எழுதுவதும்
அதை அழித்துவிட்டு வேறிடத்தில் எழுதுவதுமாக,
அழித்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கத் தெரியாமல்
நாலு வருஷத்தில் ஆறு டெராபைட்.
உரிமையாளர்: யுவராணி.
எதற்காக: சும்மா பார்க்க.

சேர்ந்த முதல் வாரம். நான்தான்.

நீக்கச் சொன்னேன்.
உடனே எனக்கு ஒரு கடிதம் வந்தது.
யுவராணி அவர்களே, தங்கள் மெஷினை நீக்கும்படி
யுவராணி விண்ணப்பித்துள்ளார்.
ஆட்சேபம் தெரிவிக்க எழுபத்திரண்டு மணி நேரம் உள்ளது.
அந்த விதியை எழுதியதும் நானே,
மற்றவர்கள் அவசரப்படக் கூடாது என்று.

ஆட்சேபம் இல்லை என்று எனக்கு எழுதினேன்.
கை கடைசிப் பொத்தானுக்குப் போவதற்குள்
உள்ளே நுழைந்து பார்த்தேன்.
ஓரமாக ஒரு சின்ன உரைக்கோப்பு:
சம்பளம் வந்தால்
அக்கா கடன்
ஸ்கூட்டி
கடைவாய்ப் பல்

இரண்டு முடிந்திருக்கிறது.
பிரதி எடுக்கவில்லை.
மெஷின் தன் பெயரை ஒருமுறை தட்டச்சச் சொல்லிக் கேட்டது,
தட்டினேன், போய்விட்டது.
எண்பத்தொன்பது சதவீதம்.

விடியும்போது திரும்பினேன்.
பாலத்தில் எனக்கு முன்னால்
ஒழுகிக்கொண்டே போனது ஒரு தண்ணீர் லாரி.
போன் துடித்தது. தஸ்தகீர்.
அளவு: பெரியது. ஒரு வாரம்தான்.
எதற்காக: புள்ளி.

வண்டியை ஓரங்கட்டி ஒப்புதல் கொடுத்தேன்.
நாலு நிமிடம்
ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்,
நாக்கால் அந்தப் பல்லைத் தொட்டபடி.